ஒரு பேரும் விட்டுப்போகவில்லை

கறம்பக்குடியில் நான் பத்திரிகை அடிக்கிறவன். செய்திப் பத்திரிகை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. இருபது வருஷத்துக்கு மேலான தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பேர் விட்டுப்போகக் கூடாது. எழுத்துப்பிழை வந்தால் மன்னித்துவிடுவார்கள். முகூர்த்த நேரம் தப்பாக விழுந்தால்கூட ஆளுக்கு ஆள் போன் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். பொண்ணின் கடைசி மாமன் பேர் விடுபட்டதென்று வையுங்கள், தொலைந்தது கதை. ஒரு தாய்மாமன் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்து, "ஏய்யா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். நான் கும்பிட்டு நின்றேன். மறுநாள் அவர் பேரை மட்டும் போட்டுத் தனியாக ஐம்பது பத்திரிகை அடித்துக் கொடுத்தேன்.

இந்தப் புத்திதான் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. அந்த மூன்று வாரம் நான் பட்ட பயத்தை என் எதிரிகூடப் படக் கூடாது.

என் வீடு டவுனில் இல்லை. அங்கிருந்து பைக்கில் கால் மணி நேரம். ஊருக்கு வடக்கே ஒரு பெரிய கோழிப்பண்ணை. முட்டைக் கோழி. மழை பெய்து ஓய்ந்தால் போதும், ஈ கிளம்பும். நாலைந்து ஈ இல்லை ஐயா, படை. சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றுவதற்குள் சோறு கறுத்துவிடும். கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? நாங்கள் சாப்பிட்டோம். திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். ரசீதும் கொடுத்தார்கள். ஈ அப்படியேதான் இருந்தது.

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருநாள் டீ டம்ளரில் மூன்று ஈ மிதந்ததைப் பார்த்து, அதே சூட்டில் கடைக்குப் போய் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு மனு ஆரம்பித்துவிட்டேன். பண்ணையின் எருவை மூடி வைக்க வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும். மூன்றே கோரிக்கை. கையெழுத்துப் போடுகிறவர் பேர், ஊர், மெயில் மூன்றும் கொடுக்க வேண்டும். கீழே இரண்டு சின்னப் பெட்டி. ஒன்று, என் பேரை எல்லோருக்கும் காட்டலாம். இன்னொன்று, எனக்கு மெயில் அனுப்பலாம்.

என் மாதிரி ஆள் பெட்டியைப் பார்த்தால் என்ன செய்வான்? டிக் அடிப்பான். டிக் அடிக்காவிட்டால் ஃபாரம் போகாது என்பது ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுப் போட்டு எங்களுக்கு விழுந்துபோன பழக்கம். எந்தப் பெட்டியையும் நான் வாசித்ததே கிடையாது.

ஊர்க்காரர்கள் சாயங்காலம் பஸ் இறங்கினதும் நேரே கடைக்கு வருவார்கள். நான் பேரை எழுதிக்கொள்வேன், மறுநாள் காலையில் ஏற்றுவேன். மெயில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. போன் விற்ற கடைக்காரன் போட்டுக் கொடுத்த மெயில் போனுக்குள்ளேயே கிடக்கும், நான்தான் தேடி எடுப்பேன். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர் ஒருத்தர், பக்கத்துக் குடியிருப்புக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"என்கிட்ட ஏது தம்பி மெயிலு? எங்க மாப்ளையோடது இது. கேஸ் சிலிண்டருக்கு, பென்ஷனுக்கு எல்லாத்துக்கும் இதத்தான் குடுக்கிறது. போடுங்க."

"அவரைக் கேக்க வேண்டாமாய்யா?"

"எங்க மாப்ள தங்கமான ஆளு. நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டாரு." அதைச் சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் பெருமை. பெரியவர் பேரைப் போட்டு மாப்பிள்ளையின் மெயிலை ஏற்றினேன். இரண்டு டிக்.

ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். புருஷனுக்கும் அங்கேயே தீவனம் போடுகிற வேலை. பண்ணைக்குள்ளேயே வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியிருந்தார்கள். சின்னதுக்கு அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்து எடுத்தார்கள். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, ரோட்டை இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"அண்ணே, நானும் போடுறேன். ஆனா எண்ணிக்கையில மட்டும் சேத்துக்கங்க. பேரு வெளிய தெரிய வேணாம். மொதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே சாமானைத் தூக்கி வெளிய வச்சுருவாங்க. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது நான் வந்தது."

அவள் போனில், அவளே திறந்து பார்த்திராத மெயிலைத் தேடி எழுதிக்கொண்டேன். "நீ போம்மா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பாத்துக்கிறேன்! எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள். நான் செய்ய வேண்டியதெல்லாம் சீட்டில் அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைப்பதுதான், ஏற்றும்போது ஞாபகம் வர. அந்த நேரம் பார்த்து ஒரு பூப்பு நீராட்டு விழாப் பார்ட்டி உள்ளே வந்து அட்டை நிறம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் அறுபது பேரை ஒரே மூச்சாக ஏற்றினேன். எல்லோருக்கும் இரண்டு டிக். அவளுக்கும்.

நூற்றுச் சொச்சம் கையெழுத்து சேர்ந்ததும் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஊரே குளிர்ந்துபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விசேஷம் நல்லபடியாக முடிந்தால் நன்றிப் பத்திரிகை போடுவது எங்கள் பக்கம் வழக்கம், நானே எத்தனையோ அடித்திருக்கிறேன். அதேபோல் ஒன்று தயார் பண்ணினேன். மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் 'நன்றி', கீழே கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும், ஊரோடு, பண்ணையில் இருப்பவர்களுக்குப் 'பண்ணைக் குடியிருப்பு' என்று போட்டு. யார் முன்னால் யார் பின்னால் என்று சண்டை வரக் கூடாதென்று அகர வரிசையில் அடுக்கினேன். பிறகு எல்லோருடைய மெயிலையும் ஒரே வரிசையில் போட்டு, எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற மாதிரி ஒரே அமுக்காக அனுப்பினேன். ஒரு பேரும் விட்டுப்போகவில்லை என்று என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள். அவள் எப்போதும் சொல்வதுதான், அதனால் நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். இன்ஷியல் தப்பென்று ஒருத்தர் போனில் திட்டி முடித்திருந்தார். அப்போது அந்தப் பெரியவர் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்.

"லெட்டர் போட்டியளாமே, எங்க மாப்ளைக்கும் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்யா. அவரு எங்க வேலை பாக்கிறாரு?"

"இங்கனதான். நம்ம கோழிப்பண்ணையில சூப்பர்வைசரா வந்து ஆறு மாசமாச்சே. தெரியாதா ஒங்களுக்கு?"

அந்தப் புதுச் சூப்பர்வைசரை நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன். சிவப்பு பைக், கறுப்புக் கண்ணாடி. முதலாளி வெளியூரில் இருப்பவர், அவருக்கு இங்கே கண்ணும் காதும் இவர்தான்.

"ஏன்யா, மாப்ளை வேலை பாக்கிற எடத்தை எதுத்தா நீங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"ஈயை எதுத்துத்தானே தம்பி போட்டேன். மெயிலு சும்மா அட்ரஸ்தானே?" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் அந்த முட்டை பொறுக்குகிறவள் ஞாபகம் வந்தது. அவர் போனதும் ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நன்றிப் பத்திரிகையில், நாலாவது வரிசையில், அவள் பேர் முழுசாக, பண்ணைக் குடியிருப்பு என்ற ஊரோடு. நானே தேர்ந்தெடுத்த அழகான எழுத்தில். அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்க முடியுமா என்று எதை எதையோ அமுக்கிப் பார்த்தேன். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். "போனது போனதுதான்யா" என்று சிரித்தான். எனக்கு அவனைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. மனுவில் இன்னும் தெரிகிற அவள் பேரையாவது மறைக்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை.

அன்றைக்கே அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சூப்பர்வைசர் மெயிலைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று ஒரு எண்ணம். நான் போய்ச் சொல்லி, அவள் பயந்து, அந்தப் பயமே காட்டிக்கொடுத்துவிட்டால் என்று ஒரு சமாதானம். உள்ளதைச் சொன்னால், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

நான் கடைக்குப் போகிற ரோடு பண்ணையின் வேலியை ஒட்டித்தான் போகும். வேலிக்குள் லைன் வீடுகள் தெரியும். அவள் வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அந்த வளைவில் பைக்கை மெதுவாக்குவேன். டிரம் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் அவர்களும் இருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் பார்ப்பேன். நடுவில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எந்த போன் அடித்தாலும் தூக்கிப்போடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரையும் அவன் அப்பன் பேரையும் மாற்றி அடித்து இருநூறு அட்டை வீணானது. பசி இல்லை. சோற்றில் ஈ உட்கார்ந்தால் விரட்டக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை. வளைவில் திரும்பினேன். டிரம் இல்லை.

பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கொடியில் துணி இல்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போயிருப்பார்கள்? பெரியது ஆறாவது படிக்கிறது, பள்ளிக்கூடம்? தெய்வமே, என்னால் இப்படி ஆகிப்போச்சே என்று வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் அந்த டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான். உள்ளே பாசி பிடித்திருக்கும் போல, கழுவிக்கொண்டு வருகிறான். வேலிக்கு வெளியே நான் நிற்பதைப் பார்த்து, "என்னண்ணே, வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, பெட்ரோல்" என்றேன். வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன், பொய்யை மெய்யாக்க. ஓட்டவும் தெம்பு இல்லை.

மூன்றாவது வாரம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வாசலில் அந்தச் சிவப்பு பைக் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கி, உள்ளே வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். என் கடைக் கதவை யாரும் சாத்த மாட்டார்கள். சாத்தினால் வேர்க்கும்.

கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வயசுகூட இருக்காது. போனை மேஜைமேல் வைத்துத் தள்ளினார். இரண்டு குத்துவிளக்கு, நடுவில் நன்றி.

"இதுல என் மெயிலு எப்படிங்க வந்துச்சு?"

"ஒங்க மாமனார் குடுத்தாருங்க."

"அவரு குடுத்தாரு சரி. என்னையக் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"ஒரு போன் போட்டு, இப்படி ஒங்க மெயிலைப் போடப் போறேன், சரியான்னு ஒரு வார்த்தை?"

"தப்புதாங்க. மன்னிச்சிருங்க."

அடுத்து அவள் பேரைச் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்த ஆள் கதவுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

"மொதலாளி கையில இது கெடைச்சா என்ன ஆகும்? என் மெயிலு, என் மாமனார் பேரு. உள்ளயிருந்து எழுதிவிட்டதே நான்தான்னு நெனைப்பாரு. மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கலைங்க. போன் அடிச்சாலே தூக்கிப்போடுது. முதல்ல என் மெயிலை எடுங்க."

அட கொடுமையே. வேலிக்கு இந்தப்பக்கம் நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது அந்தப்பக்கம் இவரும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண்முன்னாலேயே மனுவிலிருந்து அவர் மெயிலை நீக்கினேன். அனுப்பியதை நீக்க முடியாது என்பதையும் சொன்னேன். நூற்றுச் சொச்சம் போனில் அது கிடக்கிறது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "நம்ம லைன் வீட்டுப் பொண்ணு பேரும் பாத்தேன். நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா நானும்ல மாட்டுவேன். ஆனா அதுகிட்ட எதையும் சொல்லிராதீங்க. பயந்தா மூஞ்சியில தெரிஞ்சுரும்."

அவர் போனதும் கதவை விரியத் திறந்து வைத்தேன். காற்று வந்தது. தப்பித்தோமடா சாமி என்று இரண்டு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒங்களுக்குப் பயம் போயிருச்சு. அவருக்கும் பாதி போயிருச்சு. அந்தப் பொண்ணு குடியிருக்கிறது இனிமே அந்தாளு வாயிலதான். இது அவளுக்குத் தெரியுமா?"

"சொல்ல வேணாம்னுட்டாரே அவரு."

"ஏங்க, அவ பேரைப் போடவும் அவளைக் கேக்கல. இப்ப மறைக்கவும் அவளைக் கேக்கலயா?"

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நாலு வார்த்தை கத்தினேன். நான் கத்தினால் எப்போதுமே தப்பு என் பக்கம் என்றுதான் அர்த்தம். அவளுக்கும் அது தெரியும், அதனால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண் நின்றாள். அரிசி வாங்கிப் பையைத் தலையில் ஏற்றப் போகும்போது கூப்பிட்டேன். புளியமரத்துக்கு அந்தப்பக்கமாக வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோனது, டிக் அடித்தது, நன்றிப் பத்திரிகை, மாப்பிள்ளை மெயில், சூப்பர்வைசர் வந்தது, கடைசியாகச் சொல்லாதே என்று சொன்னது வரைக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எப்பண்ணே அனுப்புனீங்க?"

"மூணு வாரம் ஆச்சும்மா."

"எப்ப ஒங்களுக்குத் தெரியும்?"

"மறுநாளே."

அவள் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள்.

"போன வாரம் எங்கக்கா திருப்பூர்லேர்ந்து போன் பண்ணுச்சு. பனியன் கம்பெனியில புருஷன் பொஞ்சாதியா ஆள் எடுக்கிறாங்க, தங்க வீடும் தாராங்க, ரெண்டு நாளைக்குள்ள சொல்லுன்னுச்சு. இங்கதான் ஒரு தொந்தரவும் இல்லியே, பிள்ளைக படிப்பை எதுக்குக் கலைக்கணும்னு நான்தான் வேணாம்னுட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்த எடத்துக்கு ஆள் வந்துட்டாங்களாம்ணே."

மூன்று வாரம் நான் அவளுக்காகப் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பயம் அவளுக்குச் சேர வேண்டியது. அவள் கையில் கிடைத்திருந்தால் அதை வைத்து ஒரு முடிவு எடுத்திருப்பாள். நான் அதை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீணாக்கியிருக்கிறேன்.

"இப்பவே ஒன் பேரை எடுத்துர்றேன்மா" என்று போனை எடுத்தேன். விரல் வழுக்கியது. மனுவில் அவள் பேரைத் தேடிப் பிடித்தேன். அதே இரண்டு பெட்டி. நூற்றுச் சொச்சம் தடவை அமுக்கிய பெட்டிகளை முதல் தடவையாக வாய்விட்டு வாசித்தேன்.

"கையெழுத்தையே எடுத்துரவான்னு மொதல்ல கேக்குதும்மா."

அவள் யோசித்தாள். "கையெழுத்து இருக்கட்டும். சின்னவளுக்காகப் போட்டது."

"ஒன் பேரை எல்லாருக்கும் காட்டலாமா?"

"வேணாம்."

டிக்கை எடுத்தேன். அடுத்ததையும் வாசித்தேன். "இதப் பத்தி எதாவதுன்னா ஒனக்கு மெயில் அனுப்பலாமா?"

"மெயிலெல்லாம் வேணாம்ணே. நீங்க நேர்ல வந்து சொல்லுங்க." குனிந்து அரிசிப் பையைத் தூக்கித் தலையில் வைத்தாள். நான் கை கொடுக்கப் போனேன், அவள் வாங்கவில்லை. "நடந்த அன்னைக்கே வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பண்ணை ரோட்டில் திரும்பி நடந்தாள்.